விலாசம் தெரிந்த மருந்து: கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் இலக்கு மருந்துகளும்

பக்கத்து வளவு அக்கா ஒருநாள் பின்னேரம் கிளினிக் கொப்பியோடு வந்து எங்கள் வீட்டுக் குந்தில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு கருப்பைக் கழுத்தில் கான்சர் என்று கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிடித்து, கீமோ ஏற்றி, சுகம் என்று வீட்டுக்கு விட்டிருந்தார்கள். இப்போது ஸ்கானில் வயிற்றுக்குள் இரண்டு நிணநீர்க் கணுக்கள் வீங்கித் தெரிகின்றனவாம். கொப்பியில் பழைய மருந்துப் பெயர்களுக்குக் கீழே புதிதாக ஒரு நீளமான பெயர் எழுதியிருந்தது.

“பிள்ளை, இது கீமோ இல்லையாம். இலக்குப் பாத்து வேலை செய்யிற மருந்தாம். அப்ப இந்தமுறை தலைமயிர் கொட்டாதுதானே?”

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், டொக்டர் இல்லை. ஆனாலும் கொப்பியை வாசித்துவிட்டு, “கொட்டும் அக்கா” என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று விளக்கப் போய் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் இந்த மருந்துகளைப் பற்றித் தேடினால் ஏவுகணை, குறிபார்த்துச் சுடும் துப்பாக்கி, எதிரியின் முகாமை மட்டும் அழிக்கும் குண்டு என்றெல்லாம் உவமை வரும். வன்னியில் இருந்து எழுதுகிற எனக்கு அந்த உவமைகள் கைக்கு வரவில்லை. குறி தவறாது என்று சொல்லப்பட்டவை எங்கெங்கே விழுந்தன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் வயலுக்குப் போவோம்.

காலபோக நெல் முளைத்துக் கொஞ்சநாளில் களையும் கூடவே தலைதூக்கும். களை எடுக்க வந்த ஆளுக்கு எது நெல், எது களை என்று தெரியாது, வேகமாக வளர்வதையெல்லாம் பிடுங்கு என்று மட்டும் சொல்லி விட்டிருக்கிறது என்று வையுங்கள். சிஸ்பிளாட்டின், பக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்துகள் ஏறத்தாழ அப்படித்தான். வேகமாகப் பிரிகிற கலங்களை அவை அதிகம் தாக்கும். (இந்தியப் புத்தகங்களில் செல், உயிரணு என்று வருவதைத்தான் எங்கள் பாடப்புத்தகம் கலம் என்கிறது.) புற்றுநோய்க் கலம் வேகமாகப் பிரியும். மயிர்க்காலின் கலமும், குடலின் உட்சுவரும், குருதியை உண்டாக்கும் என்பு மச்சையும் அப்படித்தான். ஆகவே தலைமயிர் கொட்டுகிறது, வயிறு குழம்புகிறது, வெண்குழியங்கள் குறைகின்றன.

இன்னொரு வழி, களையிடம் உள்ள ஒரு தனிக் குணத்தைப் பிடிப்பது. அகன்ற இலைக் களைக்கு எம்சிபிஏ என்ற களைநாசினி அடித்தால் களை சுருண்டு சாகும், நெல் நிற்கும். நெல் புல்லினம், அந்த மருந்து அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் காற்று மாறி வீசிய அன்று வரம்புக்கு அந்தப் பக்கம் நின்ற மிளகாய்க் கன்றும் சேர்ந்து சுருண்டுவிடும். அதில் மருந்தின் பிழை ஒன்றும் இல்லை. மிளகாயும் அகன்ற இலைதான். மருந்துக்குத் தெரிந்த விலாசம் வரம்புக்கு அந்தப் பக்கமும் இருந்தது, அவ்வளவுதான்.

இலக்கு மருந்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசம் புற்றுநோயில் நிறைய இருக்கும், உடம்பில் வேறெங்கோவும் கொஞ்சம் இருக்கும். அந்த வேறெங்கோ எது என்று தெரிந்துவிட்டால், பக்கவிளைவு எங்கே வரும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். இலக்கு மருந்து என்றால் தொந்தரவே இல்லாத மருந்து என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. தொந்தரவு இருக்கும், கீமோவின் தொந்தரவு மாதிரி இராது. அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

விலாசம் எங்கிருந்து வந்தது

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் (தமிழ்நாட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்பார்கள்) ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரசினால் வருகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் 1983, 1984ஆம் ஆண்டுகளில் இந்த வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுநோய்த் திசுவில் கண்டுபிடித்தார். அதற்காக 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு வகைகள் மட்டுமே உலகில் இந்தப் புற்றுநோயின் 70 வீதத்துக்குக் காரணம்.

வைரசு பெரும்பாலானவர்களிடம் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடும். தங்கினால் அது ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. எங்கள் கலங்கள் கண்டபடி பிரியாமல் இருக்கப் பி53, ஆர்.பி. என்று இரண்டு பிறேக்குகள் உண்டு. ஈ6 முதலாவதை உடைக்கும், ஈ7 இரண்டாவதைக் கழற்றும். பிறேக் இல்லாத உழவு இயந்திரத்தை மேட்டில் நிறுத்திய கதைதான். ஆனால் உருண்டு கீழே வர நெடுங்காலம் எடுக்கும், பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள்.

இந்த நீண்ட அவகாசம் இருப்பதால்தான் முன்கூட்டியே பிடிக்க முடிகிறது. 2017 முதல் இலங்கையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். 35 வயதுப் பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர் படலை படலையாகக் கேட்டுத் திரிவதும் இதற்குத்தான். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் ஏன் போகவேணும்” என்று அவரைத் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். வருத்தம் இல்லாதபோது போவதற்கென்றே வைத்த கிளினிக் அது. சரி, இது வேறு கதை, விட்டுவிடுகிறேன்.

எங்கள் கதைக்கு வேண்டியது இரண்டு விஷயம். பிறேக் கழன்ற கலம் தன் சாப்பாட்டுக்காகப் புதுக் குருதிக்குழாய்களை இழுக்கிறது. வைரசின் புரதம் உள்ளே இருப்பதால் உடம்பின் காவலுக்கு அது அந்நியமாகத் தெரிய வேண்டும். தெரியாமல் இருக்க ஒளிந்துகொள்ளும் தந்திரம் ஒன்றையும் வைத்திருக்கிறது. இந்த இரண்டு குணங்களிலிருந்தே முதல் இரண்டு விலாசங்கள் கிடைத்தன.

பெயர்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பெவாசிசுமாப், பெம்புரோலிசுமாப், டிராஸ்டுசுமாப் என்று இந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. வாலை மட்டும் பாருங்கள். ‘மாப்’ என்று முடிந்தால் அது ஒரு பிறபொருளெதிரி. அம்மை வந்தபோது எங்கள் உடம்பு செய்யும் அதே வகைப் புரதம்தான். ஒரே ஒரு விலாசத்தை மட்டும் தெரிந்த பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் வேண்டிய அளவு செய்யும் முறையை 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். இது புரதம் என்பதால் குளிசையாக விழுங்க முடியாது, வயிறு சமித்துவிடும். அதனால்தான் சேலைன் மாதிரி நாளத்துக்குள் ஏற்றுகிறார்கள். அக்கா இதைக் கீமோ என்று நினைத்ததற்கும் அதுதான் காரணம். அதே கதிரை, அதே தாங்கி, அதே துளித்துளி.

வாய்க்காலை மறிக்கும் மருந்து

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்குத் தெரியும், வாய்க்கால் தண்ணீர் வராத காணியில் சிறுபோகம் இல்லை. புற்றுநோய்க் கட்டியும் அப்படித்தான். ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமென்றால் அதற்குச் சொந்தமாகக் குருதிக்குழாய் வேண்டும். 1971இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா என்பவர் அந்தக் குழாய்களை வரவழைக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அதன் சுருக்கப் பெயர் வி.ஈ.ஜி.எஃப்.

கட்டி இந்தப் புரதத்தை வெளியே விடுவது, “என்ரை காணிக்கும் ஒரு கிளை வாய்க்கால் வெட்டித் தாங்கோ” என்று நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கடிதம் போடுவது போல. கடிதம் பக்கத்திலுள்ள குருதிக்குழாய்க்குப் போய்ச் சேர்ந்தால் அது கிளைவிட்டு வரும். பெவாசிசுமாப் அந்தக் கடிதத்தை நடுவழியிலேயே பிடித்துவிடுகிறது. கட்டியை அது தொடுவதில்லை, தண்ணீரைத்தான் குறைக்கிறது. அக்காவின் கொப்பியில் இருந்தது இதுதான். அவாஸ்டின் என்ற பெயரில் வந்தது, இப்போது வேறு கம்பனிகளின் இணைவகைகளும் உண்டு.

தண்ணீரைக் குறைத்தால் மட்டும் களை செத்துவிடாது. ஆகவே இதைப் பெரும்பாலும் தனியாகக் கொடுப்பதில்லை. சிஸ்பிளாட்டின், பக்லிடாக்செல் போன்ற கீமோவோடு சேர்த்து மூன்று கிழமைக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். அக்காவின் தலைமயிர்க் கேள்விக்குப் பதிலும் இதற்குள் இருக்கிறது. மயிரைக் கொட்டவைப்பது பக்லிடாக்செல், புதிய மருந்து அல்ல.

எவ்வளவு பலன்? 452 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. எல்லோருக்கும் நோய் திரும்பி வந்தது, அல்லது பரவியது, அல்லது முதல் சிகிச்சைக்கு அடங்காதது. கீமோ மட்டும் பெற்றவர்களின் நடு ஆயுட்காலம் 13.3 மாதம், பெவாசிசுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 17 மாதம். அந்த ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. “மூண்டரை மாசந்தானே” என்று அக்கா சொன்னார். நடுக் கணக்கு என்றால் பாதிப் பேர் அதைவிடக் கூட இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதோடு, இந்தப் புற்றுநோய் பரவியபின் ஆயுளைக் கூட்டிக்காட்டிய முதல் இலக்கு மருந்து இதுதான். ஆனாலும் அக்கா சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு கதிரையில் இருப்பதும், தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல.

இனி விலாசக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வி.ஈ.ஜி.எஃப். வேறு எங்கே வேலை செய்கிறது? குருதிக்குழாய்கள் இறுகாமல் தளர்ந்திருக்க அது வேண்டும். அதை மறித்தால் பிரஷர் ஏறும். சிறுநீரகத்தின் வடிகட்டி சுகமாக இருக்க அது வேண்டும், மறித்தால் சிறுநீரில் புரதம் போகும். காயம் ஆற புதுக் குழாய் வேண்டும், மறித்தால் காயம் ஆறச் சுணங்கும். அதனால் ஒப்பரேஷன் என்றால் ஒரு மாதமாவது முன்பே இதை நிறுத்துவார்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் பல் டொக்டரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இதைப் பலர் சொல்வதில்லை, பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். சிலருக்குக் காலில் குருதி உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் தைலம் பூசிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றை அக்காவின் காதுக்குள்தான் சொன்னேன், மகன் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டு நின்றான். முன்பு கரண்ட் பிடித்த இடத்தில் தோலும் சவ்வும் மெலிந்திருக்கும். அங்கே பழுதுபார்க்கும் குழாய்களையும் மறித்தால், பெண்ணுறுப்புக்கும் குடலுக்கும் இடையில், அல்லது சலப்பைக்கும் இடையில், ஓட்டை விழலாம். அந்த ஆய்வில் பெவாசிசுமாப் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு இது வந்தது. மலமோ சிறுநீரோ வராத வழியால் கசிவதுதான் அடையாளம். எங்கள் பெண்கள் இதை வெட்கத்தில் மூடி வைத்து, துணியை மாற்றி மாற்றிச் சமாளிப்பார்கள். கசிவு கண்ட அன்றே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டியது இது. “கேக்காட்டில் நான் சொல்லியிருக்கமாட்டன்” என்றார் அக்கா.

பாஸ் காட்டித் தப்பும் கலம்

அடுத்த விலாசத்தை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது சுலபம். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாஸ் (பயண அனுமதிச்சீட்டு) காட்டி வரிசையில் நின்ற தலைமுறை இது. மருத்துவமும் இதற்குச் சோதனைச்சாவடி என்றுதான் பெயர் வைத்திருக்கிறது.

குருதியில் டி கலங்கள் என்று ஒருவகை வெண்குழியங்கள் ரோந்து சுற்றும். அந்நியமாக ஒரு கலத்தைக் கண்டால் கொல்லும். அவற்றின் மேற்பரப்பில் பி.டி.-1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. எதிரே நிற்கும் கலம் பி.டி.-எல்1 என்ற பாஸைக் காட்டினால், “எங்கடை ஆள், விடு” என்று டி கலம் ஓய்ந்துவிடும். நல்ல கலங்களை உடம்பு தானே தாக்கிவிடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலும் இந்தப் பாஸை வைத்திருக்கின்றன. வைரசுப் புரதம் உள்ளே, பாஸ் கையில்.

பெம்புரோலிசுமாப் (கீட்ரூடா என்ற பெயரில் வருவது) டி கலத்தின் பக்கம் போய் பி.டி.-1ஐ மூடிவிடுகிறது. பாஸ் பார்க்கிற கண் மூடியபின் பாஸ் இருந்தென்ன? டி கலம் கொல்லத் தொடங்கும். பி.டி.-1ஐ 1992இல் கண்டவர் ஜப்பானின் தசுகு ஹொன்ஜோ, 2018இல் ஜேம்ஸ் அலிசனோடு சேர்ந்து நோபல் பெற்றார். கண்டிப்பான டொக்டர்கள் இதை இலக்கு மருந்து என்று சொல்லமாட்டார்கள், நிர்ப்பீடன சிகிச்சை என்று தனியாக வைப்பார்கள். அது சரிதான். கட்டியை இலக்கு வைக்காமல் காவற்காரனைத்தான் இது தட்டி எழுப்புகிறது. ஆனால் விலாசம் தெரிந்த மருந்து என்ற எங்கள் கணக்கில் இதுவும் சேரும்.

617 பெண்களில் நடந்த ஆய்வில் கீமோவோடு இதையும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டின் பின் 100க்கு 50 பேர் உயிருடன் இருந்தார்கள். கீமோவோடு வெறும் சேலைன் பெற்றவர்களில் 40 பேர். இரண்டு பக்கத்திலும் சிலருக்குப் பெவாசிசுமாப்பும் கொடுத்திருந்தார்கள். பரவிய நோயில் 100க்கு 10 பேர் என்பது சின்ன விஷயமில்லை. 2021 ஒக்டோபரில், கட்டியில் அந்தப் பாஸ் இருப்பவர்களுக்கு என்று அமெரிக்கா அனுமதித்தது. 2024 ஜனவரியில் இன்னொரு படி போனார்கள். பரவாமல், ஆனால் இடுப்புக்குள் நன்றாக முற்றிய நோய்க்கு, முதல் சிகிச்சையிலேயே கரண்டோடும் சிஸ்பிளாட்டினோடும் சேர்த்து இதைக் கொடுக்கலாம் என்று. அந்த ஆய்வில் மூன்று ஆண்டின் பின் 82.6 வீதமானவர்கள் உயிருடன் இருந்தார்கள், பெறாத பக்கத்தில் 74.8 வீதம். இதே வழியில் வேலை செய்யும் செமிப்லிமாப் என்ற மருந்தும் இருக்கிறது.

விலாசக் கணக்கு இங்கே கொஞ்சம் பயப்பட வைக்கும். பாஸ் பார்க்காத காவற்காரன் யாரை வேண்டுமானாலும் பிடிப்பான். தைரொயிட் சுரப்பி, குடல், நுரையீரல், ஈரல், தோல், எதுவும் ஆகலாம். சிலருக்கு நீரிழிவுகூட வரும். மருந்து நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம். கீமோ ஏற்றியவருக்கு வயிற்றோட்டம் வந்தால் வீட்டில் ஓமத்தண்ணீர் வைத்துப் பார்ப்பார்கள், அல்லது பாமசியில் குளிசை வாங்குவார்கள். இந்த மருந்து ஏற்றியவருக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த வயிற்றோட்டம் தொற்றினால் வந்தது அல்லாமல் தன் குடலைத் தானே தாக்குவதால் வந்ததாக இருக்கலாம். அதற்கு ஸ்டீரொயிட் கொடுத்துக் காவலை அடக்க வேண்டியிருக்கும். புதிதாக வரும் இருமலும் மூச்சிளைப்பும் அப்படியே. களைப்பு, குளிர், உடம்பு ஊதுதல் என்றால் தைரொயிட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பார்சல் கொண்டுபோகும் மருந்து

மூன்றாவது வகை எனக்குப் பிடித்தது. பிறபொருளெதிரியின் முதுகில் கீமோவைப் பார்சலாகக் கட்டி அனுப்புகிறார்கள். விலாசத்துக்குப் போய்க் கதவு திறந்து உள்ளே போனபிறகுதான் பார்சல் அவிழும். டிசோட்டுமாப் வெடோட்டின் (டிவ்டாக்) என்று பெயர். விலாசம், திசுக் காரணி என்ற புரதம். விரல் வெட்டினால் குருதியை உறையத் தொடக்கிவைப்பது இதுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் மேற்பரப்பில் இது நிறைய இருக்கிறது.

பார்சலுக்குள் இருக்கும் நஞ்சின் மூலக்கதை எங்கள் முல்லைத்தீவுக் கடல் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பிடிக்கும். இந்து சமுத்திரத்தில் ஊர்ந்து திரியும் கடல்முயல் என்ற ஓடில்லாத நத்தை போன்ற பிராணியில் கண்ட ஒரு நஞ்சைப் பார்த்துச் செய்தது அது. தனியாக ஏற்றினால் மனிதரால் தாங்க முடியாது. அதனால்தான் பார்சல்.

502 பேரில் செய்த ஆய்வில் கீமோ பெற்றவர்கள் நடுக் கணக்கில் 9.5 மாதமும், இதைப் பெற்றவர்கள் 11.5 மாதமும் இருந்தார்கள். 2021இல் தற்காலிகமாகவும் 2024 ஏப்ரலில் முழுமையாகவும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முதல் மருந்துகளுக்குப் பின்னும் நோய் வளர்ந்தவர்களுக்கான மருந்து இது. விலாசம் வேறெங்கே? கண்ணில். ஆகவே ஏற்ற முன் கண் டொக்டர் பார்க்க வேண்டும், ஏற்றும்போது கண்ணுக்குத் துளி மருந்து விட்டுக் குளிர் ஒத்தடம் வைக்க வேண்டும். கருப்பைக் கழுத்து மருந்துக்கு ஏன் கண்ணைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், பதில் இதுதான்.

இன்னும் சில அபூர்வ விலாசங்கள் உண்டு. கட்டியில் ஹெர்2 என்ற புரதம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கான் என்ற இன்னொரு பார்சல் மருந்து, 2024 ஏப்ரலில் அனுமதி. ‘நிப்’ என்று முடியும் குளிசைகள் நுரையீரல் புற்றுநோயில் பெயர் எடுத்தவை, இதில் மிகச் சிலருக்கே பொருந்தும்.

பையில் வைத்திருக்க வேண்டியவை

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த கட்டிக்கு இவை ஒன்றும் தேவையில்லை. ஒப்பரேஷனோ, கரண்டும் சிஸ்பிளாட்டினுமோ போதும், அவற்றால் முழுதாகச் சுகமாகிறவர்கள் நிறையப் பேர். “ஏன் எங்களுக்கு அந்தப் புது மருந்து தரேல்லை” என்று சிலர் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். தராமல் விட்டது பல நேரம் நல்ல செய்தி.

எந்த விலாசம் உங்கள் கட்டியில் இருக்கிறது என்று பார்க்க, வெட்டியெடுத்த சதைத்துண்டைச் சோதிக்க வேண்டும். பெவாசிசுமாப்புக்கு இந்தச் சோதனை வேண்டாம். பெம்புரோலிசுமாப்புக்குப் பெரும்பாலும் பி.டி.-எல்1 சோதனை கேட்பார்கள். அந்தச் சதைத்துண்டு ஒரு சின்ன மெழுகுக் கட்டிக்குள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இருக்கும், வருடக்கணக்கில் பழுதாகாது. முதல் பயொப்சி எங்கே செய்தது, இலக்கம் என்ன என்று எழுதிய துண்டு உங்களிடம் இருந்தால் போதும், திரும்ப வெட்டாமலே சோதிக்கலாம். இடம்பெயர்ந்த காலத்தில் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் சொப்பிங் பையில் சுற்றிச் சுமந்தோமே, அந்தப் பைக்குள் வைக்கவேண்டிய துண்டு அது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதிலும் பெம்புரோலிசுமாப். பெவாசிசுமாப்பின் இணைவகைகளை இந்தியாவிலும் செய்கிறார்கள், அதனால் விலை இறங்கியிருக்கிறது. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரவிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் பெம்புரோலிசுமாப்பைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் வந்ததும் கிளிநொச்சிக்கு வந்துவிடாது, ஆனால் அரசிடம் கேட்க ஒரு கடதாசி கிடைக்கிறது. காணியை ஈடு வைத்து வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், அதற்கு முன் புற்றுநோய் டொக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: என்னுடைய கட்டியில் இந்த விலாசம் இருக்கிறதா, எத்தனை முறை ஏற்ற வேண்டும், பலன் இல்லை என்றால் எந்த ஸ்கானில் தெரியும். மூன்றாவது கேள்விதான் காணியைக் காப்பாற்றும்.

கடைசியாக, வன்னிக்கென்றே உள்ள ஒரு சிக்கல். மருந்து ஏற்றுவது ஓரிடம், வருத்தம் வருவது இன்னோரிடம். எங்கள் பக்கத்திலிருந்து தெல்லிப்பழைக்குப் போகிறார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. சிலர் கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கே போகிறார்கள். முல்லைத்தீவுக்காரர் பரந்தன் சந்தியில் பஸ் மாறி, இருட்டோடு போய் இருட்டோடு வருவார்கள். ஏற்றி இரண்டாம் கிழமை நடுச்சாமத்தில் மூச்சிளைத்தால் ஓட்டோவில் ஓடுவது பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே டியூட்டியில் நிற்கும் டொக்டரிடம், “கான்சர் மருந்து ஏத்தினது” என்றால் அவர் கீமோ என்றுதான் நினைப்பார். கீமோ என்று நினைத்தால் தொற்றைத் தேடுவார். காவலைத் தட்டி எழுப்பிய மருந்து என்றால் தேடவேண்டியது வேறு. மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய திகதியும் கையில் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் வரவில்லை. கொப்பி மட்டையில் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதித் தந்தேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். கீழே திகதிக்கு ஒரு நிரல், பிரஷருக்கு ஒரு நிரல். பிரஷர் பார்க்கும் மெஷின் எங்கள் அம்மாவுடையது ஒன்று கிடந்தது. பற்றரி போட்டு அன்றே பார்த்தோம், 128க்கு 82. அதை முதல் வரியில் எழுதிவிட்டு அக்கா கேட்டார், “மகளிட்டை என்னெண்டு சொல்லுறது, பேர் கேப்பாளே?” பிறகு தானே யோசித்து, “வாய்க்கால் மருந்து எண்டு சொல்லுறன்” என்று கொப்பியை மடித்துக்கொண்டு எழும்பினார்.